மூலத்துடன் ஒப்பிடப்பட்டது

கோட்டைச் சுவரின் நிழல் பத்தரைக்குச் சுருங்கிவிடும்.
அதற்குள் முடியவேண்டும் என் வேலை.
போட்டோகொப்பிக் கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை,
தகர டப்பா, அதற்குள் முத்திரை,
இரண்டு சொட்டுத் தண்ணீர் கேட்கும் காய்ந்த மைப்பெட்டி.
சமாதான நீதவான், முழுத்தீவுக்கும்.
முழுத்தீவிலும் என்னைத் தெரிந்தது
இந்த வாசலுக்குத்தான்.

பிறப்புப் பத்திரம், காணி பெர்மிட், ஓ.எல். பெறுபேறு.
பிரதியை மூலத்தோடு வைத்துப் பார்ப்பேன், குத்துவேன்.
நேற்றுக் கண்டவனை
ஆறு வருஷமாய்த் தெரியுமென்று எழுதியுமிருக்கிறேன்.
ஒளிக்கவில்லை. அவனுக்கு வேலை கிடைத்தது.

சுனாமிக்குப் பிறகு நாவலடியிலிருந்து வந்தவர்கள்
பிரதியை மட்டும் நீட்டினார்கள்.
மூலம் எங்கே என்று
பழக்கத்தில் திறந்த வாயை
மூடிக்கொண்டு குத்தினேன்.

குகநேசன் கொண்டுவந்தது மறுபக்கம்.
மூலம் இருந்தது, கடதாசி இல்லை.

ஒரு பந்து.
வெள்ளைத் தோல், சிவப்பு நூல்,
ஒரு கன்னத்தில் மண் உரசிய தடம்.
"பேஸ்போல், ஐயா. விளையாடின பந்து. கடைப் பந்தில்ல."
நீல மையில் ஒரு கையெழுத்து,
ஈர மணலில் நண்டு நடந்த மாதிரி.

கொரியாவில் ஆறு வருஷம்,
போத்தல் மூடி வார்க்கிற கம்பனி.
ஒரு ஞாயிறு லீவில் மைதானம் பார்க்கப் போனவன்.
"மேல வந்திச்சு ஐயா, எல்லாரும் குனிஞ்சாங்க,
நான் கைய நீட்டின நான்.
மறுகா ஆட்டம் முடிஞ்சு
கம்பிக்கு இஞ்சால நான், அங்கால அவர்.
பேனை என்ர."

இப்போது சியோலில் ஒருவர் கேட்கிறாராம்.
அத்தாட்சி இருந்தால் மூன்று லட்சம்,
இல்லாவிட்டால் முப்பதாயிரம்.
ஆக, பந்து முப்பது.
கடதாசி இரண்டு லட்சத்து எழுபது.
சனிக்கிழமை லீசிங்காரன் வருகிறான்
ஓட்டோவைத் தூக்க.

கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தேன்.
மை மண்ணுக்கு மேலே ஓடியிருந்தது:
அடிபட்ட பிறகே எழுதியது.
யார் எழுதியது என்று மண் சொல்லவில்லை.
தையலை எண்ணினேன்.
மாமாங்கத்தில் போற்றி எண்ணிய விரல்
நூற்றெட்டில் தானாக நின்றது.
பந்துதான் என்பது நிரூபணம்.
அதற்குமேல் எனக்கு வழியில்லை.

என்னிடமிருப்பது 'உண்மைப் பிரதி' முத்திரை ஒன்று.
இது பிரதியுமில்லை,
உருண்டையில் முத்திரை உட்காரவும் உட்காராது.

"கொண்டுபோ, மனே" என்று நீட்டினேன்.
வாங்கிய கையில்
மோதிர விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.
பந்து அந்தத் திருப்பத்தில் போய்
அளவெடுத்த மாதிரி அமர்ந்தது.

"இதென்ன?"
"அண்டைக்கு உடைஞ்சது.
ஒருத்தருக்கும் சொல்லல்ல. திங்கள் வேலை."

எழுதினேன்:
இந்தப் பந்தும் இந்த விரலும்
என் முன்னிலையில் ஒன்றோடொன்று பொருந்தின.
வேறெதையும் நான் காணவில்லை.
ஒப்பம், திகதி.

ஐந்தாம் நாள் சியோலிலிருந்து பதில்:
விரலின் எக்ஸ்ரே கிடைக்குமா?

ஆஸ்பத்திரி வரிசையில் அரைநாள் நின்று எடுத்தானாம்.
எலும்பில் முறிவு இருந்தது,
தேதி இருக்கவில்லை.
படத்தைத் தர மனமில்லாமல்
கொப்பி அடித்து என்னிடம் வந்தான்.
மெஷின் முழுவதையும் கறுப்பாகத் துப்பியிருந்தது,
நடுவில் மட்டும் வெளிறிய ஒரு வளைவு.

நிழல் காலடிக்கு வந்துவிட்டது.
மைப்பெட்டிக்குத் தண்ணீர் விட்டேன்.
கேட்கிற பழக்கத்தில் கேட்டேன்,
"மூலம் எங்க?"

எக்ஸ்ரே உறையைத் தேடப் போனவன் நின்று
கையை நீட்டினான்.

பிடித்து, கறுப்புக் கடதாசியின் பக்கத்தில் வைத்து,
கணுக் கணுவாய் ஒப்பிட்டுக் குத்தினேன்.
கறுப்பில் நீலம் தெரியவில்லை.
இன்னொருக்கா குத்தினேன்.